ஒரு யானைச் செய்தியும் ஐந்து அலுவலகங்களும்

மாலை மங்கும் நேரத்தில் கேரளத்து இடுக்கி மலையிலுள்ள சின்னக்கானல் கடைத்திண்ணையில் நின்றால் காதில் விழும் கேள்வி ஒன்றுதான்: “ஆனை எங்க நிக்குது?” ஆனையிறங்கல் அணைப் பக்கமா, 301 காலனியா, பன்னியாறு எஸ்டேட் ரேஷன் கடையா என்பது தெரிந்த பிறகுதான் ஏலத்தோட்டத்து ஜீப் எந்தப் பாதையில் திரும்புவது, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையை யார் போய்க் கூட்டிவருவது என்பதெல்லாம் முடிவாகும். அணையின் பெயரிலேயே ஆனை இறங்கியிருக்கிற மலை இது. 2023 ஏப்ரல் 29 அன்று அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்து லாரியில் ஏற்றியபோது கேரளத்துச் செய்தித் தொலைக்காட்சிகள் அத்தனையும் இங்கே வந்து நேரலை நடத்தின. அரிக்கொம்பன் போய்விட்டது. மற்ற யானைகள் இருக்கின்றன, கேள்வியும் இருக்கிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் இன்று பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வருகிறது. வனத்துறையின் கண்காணிப்பாளர் குழுவில் ஒரு குரல் பதிவு போடுகிறார். கேட்டவர் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுகிறார். எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டு ஆனைமலையில், வால்பாறைக்காரர்கள் இதற்கு முறையான ஏற்பாடே செய்துவைத்திருக்கிறார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ஆனந்தகுமார் குழுவினர் முதலில் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் படத்தின் அடியில் ஓடும் எழுத்தாக யானை நிற்கும் இடத்தைக் காட்டினார்கள். பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்து ஆட்களின் கைபேசிக்கு எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். கைபேசியாலேயே எரியவைக்கக்கூடிய சிவப்பு விளக்கை முச்சந்திகளில் நட்டார்கள். அந்த வேலைக்காக ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது.

இப்போது அந்த ஒரே ஒரு வாக்கியத்தை, “ஆனை பாலத்துக்குப் பக்கத்துல நிக்குது” என்பதை, எடுத்துக்கொள்வோம். அது கேபிளில் ஓடினால் 1995-ன் கேபிள் சட்டமும் அதன் நிகழ்ச்சி விதிகளும் பொருந்தும். அதைப் பார்க்கவேண்டியது தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். எஸ்எம்எஸ்ஸாகப் போனால் டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 விதிகள் குறுக்கே வரும். மொத்தமாக அனுப்புகிறவர் தன் பெயரையும் வாசக மாதிரியையும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம், மின்னணுவியல் அமைச்சகம். சூரியநெல்லியில் ஒரு பையன் அதையே கைபேசியில் படம்பிடித்து யூடியூபில் செய்தியாகப் போட்டால் மறுபடி தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், ஆனால் இப்போது வேறொரு சட்டத்தின் கீழ். தேவிகுளத்து ஆகாசவாணி சொன்னால் பிரசார் பாரதி. நிலச்சரிவு அபாயத்துக்கு அலறுகிற மாதிரி எல்லாக் கைபேசியிலும் ஒரே நேரத்தில் அலறவிட வேண்டுமென்றால் தொலைத்தொடர்புத் துறையும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும். ஐந்து என்று தலைப்பில் போட்டேன். எண்ணிப் பார்த்தால் கூடவே வருகிறது. அரிக்கொம்பன் கழுத்தில் மாட்டிய ரேடியோ காலரும் அலைவரிசையில் ஓடும் கருவிதான், அதற்குத் தனிக் கணக்கு.

தனியார் எஃப்எம் கதை இதைவிட வேடிக்கை. இந்தியாவில் தனியார் வானொலி சொந்தமாகச் செய்தி சொல்லக்கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே மறுஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். ஆனால் போக்குவரத்து, வானிலை, குடிநீர், இயற்கைச் சீற்றம் போன்றவை செய்தி ஆகாது என்று 2011 கொள்கை விலக்களிக்கிறது. யானை எதில் சேரும்? போக்குவரத்திலா, இயற்கைச் சீற்றத்திலா?

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் முப்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் தொடர்பையும் ஊடகத்தையும் யார் ஒழுங்குபடுத்துவது என்ற விவாதம் இந்தக் குழப்பத்தைச் சுட்டியே நடந்துவருகிறது. தொழில்நுட்பம் மாறிவிட்டது, குழாய்கள் எல்லாம் ஒன்றாகிவிட்டன, ஆகவே சட்டமும் ஒன்றாக வேண்டும் என்பதே ஒவ்வொரு புதிய மசோதாவின் முதல் பத்தி. முதல் பத்தியை நம்புகிறவர் கடைசிப் பிரிவுகளையும் படித்துப் பார்க்க வேண்டும்: தலைவரை யார் நியமிக்கிறார், யார் நீக்கலாம், யார் உத்தரவிடலாம். இதுவரை வந்த சீர்திருத்த முயற்சிகள் தடுக்கி விழுந்தது தொழில்நுட்பத்தில் இல்லை, அந்தக் கடைசிப் பிரிவுகளில் என்பதுதான் என் வாதம்.

பழங்கதையிலிருந்து தொடங்குவோம். 1885-ன் இந்தியத் தந்திச் சட்டம் தந்தி அடிக்கும் தனியுரிமையை அரசாங்கத்திடம் வைத்தது. 2013 ஜூலையில் நாட்டில் கடைசித் தந்தி போன பிறகும் சட்டம் மட்டும் பத்து ஆண்டு உயிரோடு இருந்து கைபேசியையும் இணையத்தையும் ஆண்டது. அதோடு 1933-ன் கம்பியில்லாத் தந்திச் சட்டம். இரண்டுக்கும் பொதுவான நினைப்பு ஒன்று: காற்றில் போகிற அலை சர்க்காருடைய சொத்து, மற்றவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த நினைப்பை உடைத்தது கிரிக்கெட். 1993 ஹீரோ கோப்பை ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை குறித்துத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் மூண்ட வழக்கில் 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலைவரிசை பொதுமக்களின் சொத்து. அது அரசின் பிடியிலும் இருக்கக்கூடாது, பணக்காரர் பிடியிலும் இருக்கக்கூடாது. அதை மேற்பார்க்கச் சமூகத்தின் எல்லாப் பிரிவினரையும் பிரதிநிதித்துவம் செய்கிற சுயேச்சையான பொது அமைப்பு வேண்டும். நீதிபதிகள் பி.பி. சாவந்த், ஜீவன் ரெட்டி, எஸ். மோகன் அமர்ந்த அந்த ஆயத்தின் தீர்ப்பு வந்து முப்பது ஆண்டு தாண்டிவிட்டது. ஒலிபரப்புக்கு அப்படியொரு அமைப்பு இன்றுவரை பிறக்கவில்லை. 1997-ல் ஒரு ஒலிபரப்பு மசோதா வந்து ஆட்சியோடு சேர்ந்து காலாவதியானது.

தொலைபேசிப் பக்கம் நிலைமை சற்று மேல். 1994 கொள்கை தனியாரை உள்ளே விட்டது. விட்ட பிறகு நடுவர் வேண்டுமே என்று 1997 பிப்ரவரியில் டிராய் பிறந்தது. பிறந்த மறுவருடமே, உரிமம் வழங்குகிற அரசின் அதிகாரத்தில் டிராய் தலையிட முடியாது என்று டெல்லி உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆட்டத்தில் ஆடுகிறவரும் அரசு, விதி எழுதுகிறவரும் அரசு, நடுவர் மட்டும் கோட்டுக்கு வெளியே. 2000 ஜனவரியில் ஒரு அவசரச் சட்டம் அந்த ஆணையத்தையே கலைத்துப் புதிதாக அமைத்தது. வழக்குத் தீர்க்கும் வேலை டிடிசாட் என்ற தனித் தீர்ப்பாயத்துக்குப் போனது. டிராய்க்குக் கட்டணம் வகுக்கும் அதிகாரமும், உரிமம் பற்றி யோசனை சொல்லும் வாயும் மிஞ்சின. சொன்ன யோசனையை அரசு கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

2001 ஆகஸ்ட் 31 அன்று மக்களவையில் வைக்கப்பட்ட தகவல்தொடர்பு ஒருங்கிணைப்பு மசோதாதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். தொலைபேசி, ஒலிபரப்பு, கணினி வலையமைப்பு மூன்றையும் ஒரே ஆணையத்தின் கீழ் கொண்டுவர அது முயன்றது. பிரிட்டனில் ஆஃப்காம் இயங்கத் தொடங்கியது 2003 கடைசியில். அதாவது யோசனையில் நாம் உலகத்தோடு சேர்ந்தே நடந்தோம், பின்தங்கவில்லை. ஆனால் அந்த மசோதா 2004-ல் மக்களவையோடு செத்தது. தம் இடத்தை விட்டுக்கொடுக்க எந்த அமைச்சகமும் தயாராக இல்லை. அலைவரிசையைத் தருகிற கை, படத்தைத் தணிக்கை செய்கிற கை இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் ஆபத்து என்று ஊடகத்தார் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. மாற்றாக 2004 ஜனவரியில் ஒரு அறிவிக்கை வழியாகக் கேபிளும் ஒலிபரப்பும் டிராயிடம் ஒப்படைக்கப்பட்டன. கட்டணமும் இணைப்பும் மட்டும். உள்ளடக்கம் அமைச்சகத்திடமே தங்கியது. தற்காலிக ஏற்பாடாக வந்தது இன்னும் போகவில்லை.

டிராயின் யோசனைக்கு என்ன மதிப்பு என்று அறியத் தமிழ்நாட்டைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. மாநில அரசுகளும் அரசியல் கட்சிகளும் ஒலிபரப்பிலோ கேபிள் விநியோகத்திலோ இறங்கக்கூடாது என்று டிராய் 2008-லும் 2012-லும் எழுதிக் கொடுத்தது. அரசு கேபிள் 2007-ல் தி.மு.க. ஆட்சியில் தொடங்கி, சுணங்கி, 2011-ல் அ.தி.மு.க. ஆட்சியில் மாதம் 70 ரூபாய் என்று மறுபடி எழுந்தது. 2017 ஏப்ரலில் மத்திய அரசு அதற்கு டிஜிட்டல் உரிமமும் கொடுத்துவிட்டது. எழுபது ரூபாய்க்குக் கேபிள் கிடைத்ததில் வீட்டுக்காரம்மாவுக்குச் சந்தோஷம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எந்தச் சேனலை எந்த எண்ணில் வைப்பது என்கிற சாவி ஆளுங்கட்சியிடம் போனது. கட்சி சார்ந்த தொலைக்காட்சிகள் பற்றி டிராய் 2014 ஆகஸ்டில் இன்னும் விரிவாக எழுதியது: கட்சிகளுக்கு ஒளிபரப்பு வேண்டாம், ஊடக உடைமைக்கு வரம்பு வேண்டும், சுயேச்சையான ஊடக ஒழுங்காற்றுநர் வேண்டும். கலைஞர், ஜெயா என்று தமிழ்நாட்டிலும் கைரளி, ஜெய்ஹிந்த் என்று கேரளத்திலும் கட்சிக்கொரு சேனல் பார்த்துப் பழகிய நமக்கு அந்த அறிக்கை வந்ததே தெரியாது. அது அலமாரியில் இருக்கிறது.

டிராய் வெறும் பொம்மை என்று சொல்லிவிட முடியாது. 2015-ல் ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டம் வந்தபோது நாடெங்கிலுமிருந்து மின்னஞ்சல்கள் லட்சக்கணக்கில் குவிந்தன; 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்து வேறுவேறு டேட்டா கட்டணம் வைக்கக்கூடாது என்று ஆணையம் தடுத்தது. உலகப் பெருநிறுவனம் ஒன்றின் கையை முறுக்கிய முடிவு அது. அதே ஆண்டு மே மாதம் இன்னொரு பாடம். பேச்சு பாதியில் அறுந்தால் ஒரு அழைப்புக்கு ஒரு ரூபாய், நாளுக்கு மூன்று ரூபாய் வரை நிறுவனங்கள் தர வேண்டும் என்ற டிராய் விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தன்னிச்சையானது, வெளிப்படையாகச் செய்யப்படவில்லை என்பது காரணம். மக்கள் கருத்தைக் கேட்டு, அதற்குப் பதில் சொல்லி விதி எழுதும் முறையை எல்லா ஆணையங்களுக்கும் பொதுவாக நாடாளுமன்றம் சட்டமாக்கலாமே என்றும் நீதிமன்றம் யோசனை சொன்னது. அதுவும் அலமாரியில்தான்.

ஆணையத்தின் பலவீனம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. தலைவரையும் உறுப்பினர்களையும் மத்திய அரசு நியமிக்கிறது. மூன்றாண்டு அல்லது 65 வயது, எது முந்துகிறதோ அதுவரை. 25-வது பிரிவின்படி கொள்கை விஷயத்தில் அரசு சொல்வதை ஆணையம் கேட்க வேண்டும், எது கொள்கை விஷயம் என்பதையும் அரசே தீர்மானிக்கும். விதி மீறினால் சட்டம் சொல்லும் அபராதம் முதல் தடவை ஒரு லட்சம் ரூபாய், அடுத்த தடவை 2 லட்சம். அதற்கும் ஆணையம் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். கோடிகளில் புரள்கிற நிறுவனத்துக்கு ஒரு லட்சம் எந்த மூலைக்கு? ஓய்வுபெற்ற தலைவர் மறுபடி அரசு வேலைக்குப் போகக்கூடாது என்று ஒரு நல்ல தடை இருந்தது. முன்னாள் தலைவர் நிருபேந்திர மிஸ்ராவைப் பிரதமரின் முதன்மைச் செயலாளர் ஆக்குவதற்காக 2014 மே மாதம் அவசரச் சட்டம் போட்டு அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். அவர் திறமையானவரா இல்லையா என்பது பேச்சே இல்லை. நடுவருக்கு நாளைக்கு யார் வேலை தருவார் என்று இன்றைக்கே தெரிந்துவிட்டால் விசில் ஊதுவது கஷ்டம்.

உள்ளடக்கப் பக்கம் வந்தால் அங்கே நடுவரே கிடையாது, அமைச்சகம் மட்டுமே. அதன் விளைவைக் கேரளம் நேரில் பார்த்தது. மீடியா ஒன் என்ற மலையாளச் செய்தி சேனலின் உரிமத்தைப் புதுப்பிக்காமல் 2022 ஜனவரி 31 அன்று திரையை அணைத்தார்கள். உள்துறையின் பாதுகாப்பு ஒப்புதல் இல்லை என்றார்கள். ஏன் இல்லை என்பதை மூடிய உறையில் வைத்து நீதிபதிகளிடம் மட்டும் கொடுத்தார்கள். உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்து, அரசை விமர்சிப்பது தேசப் பாதுகாப்புக்கு எதிரானது ஆகாது என்றும், உறைக்குள் வைத்து நீதி கேட்கக்கூடாது என்றும் சொன்னது. சேனல் பிழைத்தது. உரிமம் புதுப்பிக்கும் பேனா இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறது.

2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையச் செய்தியையும் ஓடிடியையும் இதே மேசைக்குக் கொண்டுவந்தன. அவற்றின் சில பகுதிகளைப் பம்பாய், சென்னை உயர்நீதிமன்றங்கள் நிறுத்திவைத்தன. சென்னை வழக்கில் மனுதாரர்களில் ஒருவர் பாடகர் டி.எம். கிருஷ்ணா. அரசைப் பற்றிய செய்தி உண்மையா பொய்யா என்று அரசே முத்திரை குத்தும் பிரிவை 2023-ல் சேர்த்தார்கள். பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அதைச் செல்லாதாக்கியது. 2023 நவம்பரில் புதிய ஒலிபரப்புச் சேவைகள் மசோதாவின் வரைவு வந்தது. 2024-ல் அதன் திருத்திய படி தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் அடையாளக் குறியிட்டுக் கொடுக்கப்பட்டது. வெளியே கசிந்து எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் படியில் யூடியூபில் செய்தி பேசும் தனியாளையும் ஒலிபரப்பாளராகக் கொள்ள இடம் இருந்தது.

சூரியநெல்லிப் பையனிடம் வருகிறேன். அவன் பெரிய ஊடகம் எதுவும் நடத்தவில்லை. பகலில் ஜீப் ஓட்டுகிறான், அந்தியில் கைபேசியை எடுத்து, “மக்களே, ஆனை இப்ப ரோட்ட கடந்திருச்சு, பைக்குல வர்றவங்க பாத்து வாங்க” என்கிறான். பாதி தமிழ், பாதி மலையாளம். அவனைப் பதிவு செய்யச் சொல்லி, உள்ளடக்க மதிப்பீட்டுக் குழு அமைக்கச் சொல்லி, அதன் உறுப்பினர் பெயர்களை அனுப்பச் சொன்னால் என்ன ஆகும்? வீடியோவை நிறுத்திவிட்டு ஜீப்பை மட்டும் ஓட்டுவான். பொய்ச் செய்தி பரப்புகிறவனோ வேறொரு பெயரில் மறுநாள் வருவான். சிறியவருக்கும் பெரியவருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தால் சிறியவர்தான் தடுக்கி விழுவார்.

இனி இந்த மலைக்காரர்களை உண்மையாகவே சாகடித்த விஷயத்துக்கு வரலாம். அது உள்ளடக்கம் இல்லை, தொடர்பே இல்லாமை.

இங்குள்ள தமிழர்கள் கைபேசி எடுக்கவில்லை என்றால் “ரேஞ்சு இல்ல” என்பார்கள். மலையாளத்திலிருந்து ஒட்டிக்கொண்ட சொல். போடிமெட்டு இறங்கித் தேனிப் பக்கம் போனால் அதுவே “டவர் கிடைக்கல” என்றாகிவிடும். சொல் மாறுகிற இடத்தில் உரிம வட்டமும் மாறுகிறது. கேரள வட்டம் முடிந்து தமிழ்நாடு வட்டம் தொடங்குகிறது. ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் வளைவுக்கு வளைவு டவர் தாவிக் காசு தின்னும். போடியிலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏலக்காட்டுக்கு வந்து அந்தியில் திரும்பும் பெண்கள் அப்போது மலையேறியதும் போனை அணைத்துவிடுவார்கள். நாட்டை 22 உரிமப் பகுதிகளாக வெட்டிய கத்தி, ஒரே நாளில் இரண்டு பக்கமும் வாழ்கிறவர்களை நினைத்துப் பார்க்கவில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தமிழர்கள். கொட்டும் மழையில் கரண்டும் இல்லை, கைபேசியில் ரேஞ்சும் இல்லை. சரிந்த செய்தி வெளியுலகுக்கு எட்டியது மறுநாள் காலையில். தப்பியவர்கள் இருட்டில் சேற்றைக் கையால் தோண்டிக்கொண்டிருந்த அந்த மணி நேரங்களுக்கு எந்த ஒழுங்காற்றுநரின் அறிக்கையிலும் தனித் தலைப்பு கிடையாது.

பணம் இல்லாமலா? தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம், லாபம் தராத ஊர்களுக்குத் தொடர்பு கொடுக்க என்றே 2002-லிருந்து தனி நிதியாகப் பிடிக்கப்படுகிறது. இப்போது அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு 26,316 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஏற்றது. நல்லது. ஆனால் அந்த நிதியை ஆள்வது தொலைத்தொடர்புத் துறையே. டிராய் யோசனை மட்டும் சொல்லும். டிராய் 2024 ஆகஸ்டில் சேவைத் தர விதிகளைத் திருத்தியது. நீண்ட நேரம் இணைப்பு போனால் வாடிக்கையாளருக்குக் கழிவு தர வேண்டும் என்கிறது. அதில் அளவுகோல் மாவட்டம்; இயற்கைப் பேரிடருக்கு விலக்கு. இடுக்கி மாதிரி மாவட்டத்தில் ஒரு மலைமுகட்டு டவர் நாலு நாள் செத்துக் கிடந்தாலும் மாவட்டக் கணக்கில் அது தெரியாது. மழைக்காலத்தில் டவர் சாகாமல் இருக்க எத்தனை மணி நேரத்துக்குப் பேட்டரி, எத்தனை லிட்டர் டீசல் என்று எழுதி, எழுதியதை நேரில் போய்ப் பார்க்கிற ஒழுங்காற்றுநர்தான் இந்த மலைக்குத் தேவை. சீர்திருத்தம் என்ற சொல்லுக்கு இங்கே அதுதான் முதல் பொருள்.

1885-ஐயும் 1933-ஐயும் ஒருவழியாக 2023 டிசம்பரில் தொலைத்தொடர்புச் சட்டம் மாற்றியது. அது செய்த நல்லவை உண்டு. கம்பி இழுக்க வழிவிடும் விதிகள் தெளிவாயின. செயற்கைக்கோள் அலைவரிசைக்கு ஏலமில்லாத ஒதுக்கீடு வந்தது. 2025-ல் ஸ்டார்லிங்கும் உரிமம் பெற்றுவிட்டது, மலைமுகடுகளுக்கு அது ஒருநாள் உதவலாம். வாட்ஸ்அப் போன்றவை இந்தச் சட்டத்துக்குள் வராது என்று அமைச்சர் வாயால் சொன்னார். சட்டத்தின் வரையறை அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. ஆணையத்தைப் பொறுத்தவரை புதிதாக வந்தது, தனியார் துறையில் முப்பதாண்டு அனுபவமுள்ளவரும் தலைவராகலாம் என்பது. யார் வரலாம் என்று வாசலை அகலமாக்கினார்கள். சாவி யாரிடம் என்பதை மாற்றவில்லை.

வெளிநாட்டு உதாரணங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம், அவற்றை அளவுக்கு மீறி நம்புகிறவர்கள் நம்மில் அதிகம். பிரிட்டனில் ஐந்து அமைப்புகளைக் கலைத்து ஆஃப்காம் ஒன்றாக்கினார்கள்; செலவுக்குப் பெரும்பகுதி நிறுவனங்கள் கட்டும் கட்டணத்திலிருந்தே வருகிறது; 2023-ல் இணையப் பாதுகாப்புச் சட்டமும் அதன் தலையில் ஏறியது. ஆஸ்திரேலியா 2005-ல் இரண்டை ஒன்றாக்கியது. மலேசியா 1998-லேயே, சிங்கப்பூர் 2016-ல். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களிடம் கேட்டால் தொடர்பு வேகமாக இருக்கிறது, விமர்சனம்தான் மெதுவாகப் பேச வேண்டியிருக்கிறது என்பார்கள். இலங்கையில் தொலைத்தொடர்பு ஆணைக்குழு ஒருபுறம் இருக்க, 2024-ன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையப் பேச்சுக்கென்று இன்னொரு ஆணைக்குழுவை வகுத்தது. எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு. ஒன்றாக்குவதால் மட்டும் சுதந்திரம் வராது. அமைச்சரின் கையில் ஐந்து கயிறு இருப்பதைவிட ஒரே தடித்த கயிறு இருப்பது அவருக்கு வசதி.

ஆகவே ஒரே பெரிய ஆணையம் வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு பாதிதான். குழாய் சம்பந்தப்பட்டவை, அதாவது அலைவரிசை, கட்டணம், தரம், மலைக்கும் கடற்கரைக்கும் தொடர்பு எட்டுவது, பேரிடர் எச்சரிக்கை, இவை ஓரிடத்தில் சேரட்டும். அந்த இடம் டிராயாகவே இருக்கட்டும். அதற்கு அபராதம் விதிக்கும் சொந்தப் பல் வேண்டும், 25-வது பிரிவின் கயிறு அறுபட வேண்டும், தலைவரை எதிர்க்கட்சித் தலைவரும் நீதித்துறையும் உட்கார்ந்த குழு தேர்ந்தெடுக்க வேண்டும், பதவிக்குப் பின் அரசு வேலை இல்லை என்ற தடை திரும்ப வர வேண்டும். பேச்சு சம்பந்தப்பட்டவை அதே கையில் சேரக்கூடாது. 1995 தீர்ப்பு கேட்ட பொது அமைப்பைத் தனியே பிறப்பிக்க வேண்டும். அது பெரிய ஒலிபரப்பாளரோடும் பெரிய மேடைகளோடும் மட்டும் பேசட்டும். ஜீப் ஓட்டும் பையனுக்குப் பொதுச் சட்டங்களே போதும். ஒரு சேனலை நிறுத்தவோ ஒரு பதிவை நீக்கவோ அரசுக்கு அவசரம் என்றால் காரணத்தைத் திறந்த காகிதத்தில் எழுதி நீதிபதியிடம் போகட்டும். மெதுவாகும் என்பார்கள். மீடியா ஒன்னுக்கு நீதி கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது, அதைவிடவா மெதுவாகிவிடும்?

இதை எழுதும்போது ஒரு சந்தேகம் என்னைக் குத்தாமல் இல்லை. சுயேச்சையான அமைப்பு என்று நாம் கும்பிடுகிற பலவும் டெல்லியில் ஓய்வுபெற்றவர்களின் நாற்காலிகளாகவே முடிந்திருக்கின்றன. தேர்வுக் குழுவை மாற்றினால் மட்டும் அது மாறாது. ஆணையத்தின் காதில் யாருடைய குரல் விழுகிறது என்பதும் மாற வேண்டும். டிராய் எதைத் தொடங்கினாலும் முதலில் கலந்தாய்வு அறிக்கை வெளியிடுகிறது; எழுதிக் கருத்துச் சொல்லச் சில வாரம் தருகிறது; திறந்த விவாதக் கூட்டம் நடத்துகிறது. நாட்டில் இவ்வளவு ஒழுங்காக மக்கள் கருத்தைக் கேட்கிற ஆணையங்கள் குறைவு. ஆனால் பக்கம் பக்கமாக வருகிற அந்த அறிக்கையைப் படித்துப் பதில் எழுதுகிறவர்கள் நிறுவனங்கள், அவற்றின் சங்கங்கள், சட்ட அலுவலகங்கள், சில தன்னார்வ அமைப்புகள். சின்னக்கானலிலிருந்து ஒரு காகிதம் போவதற்கு வழியே இல்லாத மாதிரி அந்த அறிக்கையின் மொழியும் நடையும் இருக்கின்றன. கேரளத்தில் தமிழ் பேசுகிறவர்களுக்கோ இரட்டைத் தூரம்: மாநிலத்தின் சுற்றறிக்கை மலையாளத்தில், மத்தியத்தின் அறிக்கை ஆங்கிலத்தில்.

வழி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 350-வது பிரிவின்படி, குறை தீர்க்கக் கோரும் விண்ணப்பத்தை மத்திய அரசின் எந்த அதிகாரிக்கும், எந்த ஆணையத்துக்கும் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதலாம். அடுத்த கலந்தாய்வு அறிக்கை வரும்போது லயத்திலிருந்தோ ஏலக்காட்டிலிருந்தோ ஒருவர் ஒரு பக்கம் எழுதினால் போதும்: எந்த முகட்டில் டவர், எந்த மாதம் எத்தனை நாள் ரேஞ்சு இல்லை, அன்று ஆனை எங்கே நின்றது. தமிழிலேயே எழுதுங்கள். நகலை எம்.பி.க்கும் அனுப்பிவிடுங்கள்.